ஆனர்ஸ் பட்டமும் அதிகப்படியான ஒரு வருஷமும்

சென்ற கோடை விடுமுறையின்போது தஞ்சை ஜில்லாவிலிருந்து நமது நண்பர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். சொற்ப நிலமும், கடைத்தெருவில் சிறியதொரு விதைக் கடையும் உடையவர். அவருடைய மூத்த குமாரி டில்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒரு கலாசாலையில் பொருளாதாரம் பயின்று வருகிறாள். மூன்று வருஷப் படிப்பு முடிந்துவிட்டது. இத்துடன் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பலாம். அல்லது மேலும் ஒரு வருஷம் அங்கேயே தங்கி நாலு வருஷ ஆனர்ஸ் பட்டம் பெறலாம். பெண் தங்க விரும்புகிறாள். தகப்பனாருக்குத் தயக்கம். "நீங்கள் வக்கீலாகவும் இருக்கிறீர்கள், பத்திரிகையும் நடத்துகிறீர்கள். இந்த ஆனர்ஸ் என்பது எதற்கு, ஐயா? ஒரு வருஷத்தையும் அந்த வருஷத்துச் செலவையும் கொடுத்து வாங்கத் தக்க சரக்குத்தானா?" என்று அவர் கேட்டார்.

கேள்வி சிறியது, விடை அவ்வளவு எளிதன்று. ஆகையால் அன்று நாம் ஒன்றும் கூறவில்லை. பெண்ணையும் அழைத்துக்கொண்டு மறுபடி வருமாறு சொல்லி அனுப்பினோம். இதற்கிடையில் நாம் படித்து அறிந்தவற்றையும், ஆலோசித்துக் கண்ட முடிவையும் நமது வாசகர்கள் முன் வைப்பது உசிதமெனக் கருதுகிறோம். ஏனெனில், இக்கேள்வி ஒரு தஞ்சைக் குடும்பத்தின் கேள்வி மாத்திரம் அன்று. பிள்ளைகளை வெளி ராஜ்யங்களுக்குப் படிக்க அனுப்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கேள்வியுமாகும். நாளை நமது ராஜ்யத்திலும் இத்திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் எழுமாயின், அப்பொழுது எல்லோருடைய கேள்வியுமாகும்.

விதிகள் கூறுவது யாது?

2020-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கை, பட்டப் படிப்பை நாலு வருஷமாக்கும் யோசனையைத் தெரிவித்தது. அதனை அனுசரித்து, சர்வகலாசாலை மானியக் குழு 2022-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு பாடத்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. அதன்படி மூன்று வருஷம் பயின்று 120 கிரெடிட் பெற்றவருக்குச் சாதாரணப் பட்டம். நாலு வருஷம் பயின்று 160 கிரெடிட் பெற்றவருக்கு ஆனர்ஸ் பட்டம். முதல் ஆறு ஸெமஸ்டர்களில் நூற்றுக்கு 75 மார்க்கும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் விரும்பினால், நாலாவது வருஷத்தில் ஓர் ஆசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்து கட்டுரை சமர்ப்பித்து, 'ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்' என்ற பட்டத்தைப் பெறலாம். அந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கு 12 கிரெடிட். வெறும் ஆனர்ஸ் பெறுவோர் அதற்குப் பதிலாக வேறு பாடங்களைப் படித்துத் தீர்க்க வேண்டும்.

இத்திட்டத்தின் சரித்திரம் நேர்கோட்டில் சென்றதன்று. டில்லி சர்வகலாசாலை 2013-ம் வருஷத்திலேயே நாலு வருஷப் படிப்பைத் தொடங்கிற்று. ஆசிரியர்களும் மாணாக்கரும் கிளர்ச்சி செய்தனர். 2014-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மானியக் குழுவின் உத்தரவின்பேரில் அது கைவிடப்பட்டது. பின்னர் 2022-ல் அதே சர்வகலாசாலையில் அது புது உருவத்தில் திரும்பி வந்தது. அவ்வாண்டு சேர்ந்தவர்களே 2025-ல் முதன்முதலாக நாலாவது வருஷத்தில் காலடி வைத்தவர்கள். கேரளம் 2024-ல் நாலு வருஷ முறையை மேற்கொண்டது. கர்நாடகமோ 2021-ல் அதனை ஏற்று, 2024-ல் மூன்று வருஷத்திற்கே திரும்பியது. தமிழ் நாட்டுக் கலாசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மூன்று வருஷப் பட்டத்தையே நடத்தி வருகின்றன. ஒரே தேசத்தில், அண்டை ராஜ்யங்களுக்குள்ளேயே இவ்வளவு அபிப்பிராய பேதம் இருக்கும்போது, ஒரு விதைக் கடைக்காரர் மனம் குழம்பியதில் வியப்பில்லை.

சென்னைக்குப் புதிதன்று

ஆனர்ஸ் என்னும் சொல் நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை 1800-ம் வருஷத்தில் தனது பரீக்ஷை விதிகளைத் திருத்தி, சாதாரணமாகத் தேறுவோர் வேறு, சிறப்புடன் தேறுவோர் வேறு என்று பிரித்தது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதம மந்திரியான ராபர்ட் பீல் 1808-ல் இலக்கியத்திலும் கணிதத்திலும் ஒருங்கே முதல் வகுப்பில் தேறிப் பெயர் பெற்றார். அந்தப் பிரிவினையே கடல் கடந்து நமது தேசத்திற்கும் வந்து சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை சர்வகலாசாலையில் இண்டர்மீடியட் தேறிய பின் சாதாரண பி.ஏ. பட்டத்திற்கு இரண்டு வருஷம். ஆனர்ஸ் பட்டத்திற்கு மூன்று வருஷம். ஆக, அதிகப்படியான ஒரு வருஷம் என்னும் பிரச்னை நம் பாட்டனார்களுக்கும் இருந்ததுதான். காஞ்சீபுரத்து எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்தி நகரசபையில் குமாஸ்தாவாகச் சில காலம் வேலை பார்த்த ஓர் இளைஞர், பின்னர் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து 1934-ல் பி.ஏ. ஆனர்ஸ் தேறினார். பொருளாதாரமும் அரசியலும் அவர் கற்ற பாடங்கள். அவரே பிற்காலத்தில் இந்த ராஜ்யத்தின் முதல் மந்திரியான ஸ்ரீ சி. என். அண்ணாதுரை. அவருடைய அரசியலுடன் உடன்பட்டவர்களும் உடன்படாதவர்களும், அவர் நூலகத்தில் அமர்ந்து படித்த படிப்பு மேடையில் அவருக்குக் கைகொடுத்தது என்பதை மறுக்கமாட்டார்கள். குமாஸ்தா உத்தியோகத்தோடு அவர் நின்றிருப்பாராயின், வீட்டுக்கு அன்று சில ரூபாய் மிச்சமாயிருக்கும். நாட்டுக்கு நேர்ந்திருக்கும் நஷ்டத்தை யாரால் கணக்கிட முடியும்?

ஆயினும் ஒரு பெரியாரின் உதாரணத்தைக் காட்டி ஆயிரம் குடும்பங்களைக் கடன்படச் செய்வது நியாயமாகாது. ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

மூன்று வருஷப் பட்டம் பெற்றவர் எம்.ஏ. பட்டத்திற்கு இரண்டு வருஷம் படிக்க வேண்டும். நாலு வருஷ ஆனர்ஸ் பெற்றவருக்கு ஒரு வருஷ எம்.ஏ. போதும் என மானியக் குழு 2024-ல் வகுத்திருக்கிறது. மூன்றும் இரண்டும் ஐந்து. நாலும் ஒன்றும் ஐந்து. ஆதலால் எம்.ஏ. வரையில் படிக்கத் தீர்மானித்திருப்பவருக்கு ஆனர்ஸால் காலநஷ்டம் இல்லை, காலலாபமும் இல்லை. நாலு வருஷப் பட்டத்தில் நூற்றுக்கு 75 மார்க் பெற்றவர் எம்.ஏ. படிக்காமலே பி.எச்.டி. ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம் என 2022-ம் வருஷத்து விதிகள் இடம் தருகின்றன. சில வகுப்பினருக்கு இதில் 5 மார்க் சலுகையும் உண்டு. இத்தகையோருக்கு ஒரு வருஷம் மிச்சமாகிறது. அமெரிக்க சர்வகலாசாலைகளில் மேற்படிப்பை நாடுவோருக்கும் நாலு வருஷப் பட்டம் சௌகரியமானது. அங்கே பெரும்பாலான இடங்களில் நாலு வருஷப் பட்டத்தையே எதிர்பார்க்கிறார்கள்.

இனி மறுபக்கம். மத்திய சர்க்காரின் ஸிவில் ஸர்வீஸ் பரீக்ஷைக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். மூன்று வருஷப் பட்டமே தாராளம். நமது ராஜ்யத்துப் பப்ளிக் ஸர்வீஸ் கமிஷன் நடத்தும் பட்டதாரிகளுக்கான பரீக்ஷைகளிலும் அவ்வாறே. பட்டம் பெற்ற பின் மூன்று வருஷம் சட்டம் பயில்வதற்கும் ஆனர்ஸ் அவசியமில்லை. நாம் வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட நாளிலிருந்து இன்றுவரை எந்த நீதிபதியும், எந்தக் கட்சிக்காரரும் நமது பி.ஏ. பட்டம் எத்தகையது என்று கேட்டதில்லை. விரைவில் சம்பாதித்துக் குடும்ப பாரத்தைத் தாங்க வேண்டிய இளைஞனுக்கு நாலாவது வருஷம் இரட்டைச் செலவு. சாப்பாடு, தங்குமிடம், கட்டணம் ஆகியவை ஒரு பக்கம். அந்த ஒரு வருஷத்தில் அவன் ஈட்டியிருக்கக்கூடிய சம்பளம் மற்றொரு பக்கம். முதற்செலவை எல்லோரும் எண்ணுகிறார்கள். இரண்டாவதை எண்ணுவோர் சிலரே. ஏழையின் வீட்டில் அதுவே பெரிது.

கணக்கு இவ்வளவில் முடிகிறது. ஆயின் கணக்கைக் கொண்டு மாத்திரம் கல்வியை நிறுக்க முடியுமா? ஆனர்ஸ் வருஷத்திற்கென்று ஒரு தனிப் பயன் உண்டா, இல்லையா என்பதே உண்மையான கேள்வி.

அந்த வருஷத்தின் உயிர்

நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். பௌதிக சாஸ்திரத்தில் ஆனர்ஸ் பயின்ற சுப்ரமண்யன் சந்திரசேகர் என்னும் இளைஞர், 1928-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஸோமர்பெல்டு சென்னைக்கு வந்திருந்தபோது அவரை நேரிற் சென்று கண்டார். தாம் ஸோமர்பெல்டின் நூலைக் கரைத்துக் குடித்திருப்பதாக அவ்விளைஞருக்கு எண்ணம். அந்த நூல் எழுதப்பட்ட பிறகு பௌதிக சாஸ்திரமே தலைகீழாக மாறிவிட்டது என்று அப்பெரியார் தெரிவித்து, புதிய கொள்கையைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப் படிகளையும் கொடுத்தார். இளைஞர் மனமுடைந்து போகவில்லை. அப்படிகளைப் படித்து, தாமாகவே மேலும் ஆராய்ந்து, ஒரு கட்டுரை எழுதினார். 1929-ல் லண்டன் ராயல் ஸொஸைட்டியின் ஏட்டில் அது வெளியாயிற்று. அப்பொழுது அவர் பட்டம் பெறாத மாணாக்கர். வயது இருபதும் நிறையவில்லை. 1930-ல் ஆனர்ஸ் தேறி, இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லுகையில், நக்ஷத்திரங்களின் முடிவைப் பற்றிய தமது கணக்கைத் தொடங்கினார். 1983-ல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? ஆனர்ஸ் வகுப்பில் புதிய பௌதிகத்தை யாரும் அவருக்குப் போதிக்கவில்லை. ஆனால் ஒரே பாடத்தில் மனத்தை ஊன்றியிருக்கப் போதிய காலத்தை அந்தப் படிப்பு அவருக்குக் கொடுத்தது. கையருகே ஒரு நல்ல நூலகம் இருந்தது. அடுத்த வாரமே பத்துப் பாடங்களில் பரீக்ஷை எழுத வேண்டுமென்ற அவசரம் இல்லை. ஆனர்ஸ் என்பதன் உயிர் இதுவே. ஒரு பொருளை ஆழ்ந்து நோக்குவதற்கு அவகாசமும், தவறினால் திருத்துவதற்கு ஓர் ஆசிரியரும், தேடினால் கிடைப்பதற்கு நூல்களும் கருவிகளும் வேண்டும். இவை மூன்றும் உள்ள இடத்தில் நாலாவது வருஷம் பொன்னான வருஷம். இவை இல்லாத இடத்தில் அது மூன்றாவது வருஷத்தின் மறுபதிப்பே ஆகும்; அட்டை மாத்திரம் புதிது.

ஆகவே கலாசாலைகளின் நிலைமையையும் பார்க்கத்தான் வேண்டும். மூன்று வகுப்பு மாணாக்கருக்காகக் கட்டிய கட்டடத்தில் நாலு வகுப்பு மாணாக்கர் அமர வேண்டுமானால், எல்லோரும் தங்கிப் படிக்கும் பக்ஷத்தில், கூட்டம் மூன்றில் ஒரு பங்கு அதிகரிக்கும். அறைகளும், சோதனைச் சாலைகளும், ஆசிரியர்களும் அதே விகிதத்தில் பெருகினார்களா? நிரந்தர ஆசிரியர் ஸ்தானங்களைக் காலியாக வைத்துவிட்டு, தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு காலத்தைத் தள்ளும் கலாசாலைகள் நமது தேசத்தில் குறைவல்ல. இந்த ஸெமஸ்டரில் இருந்து அடுத்த ஸெமஸ்டரில் இருப்போமா என்று அறியாத ஓர் ஆசிரியர், ஒரு மாணாக்கியின் ஒரு வருஷ ஆராய்ச்சிக்கு எங்ஙனம் பொறுப்பேற்பார்? ஆசிரியரின்றி ஆராய்ச்சியை நிறுவுவது, கிணறு வெட்டாமல் ஏற்றம் நாட்டுவது போலாகும்.

மார்க் என்னும் வாயிற்காப்போன்

இன்னொரு அபாயத்தையும் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். சிறப்புப் பட்டம் என்று ஒன்று ஏற்பட்டவுடன் அதற்கொரு வாயிலும், வாயிலில் ஒரு காவலும் ஏற்பட்டுவிடுகின்றன. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணித ஆனர்ஸ் பரீக்ஷையில் தேறியவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்திப் பகிரங்கமாக வாசிப்பது நெடுநாள் வழக்கம். முதலிடம் பெற்றவருக்கு ஸீனியர் ராங்ளர் என்று பெயர். நமது ஸ்ரீ ஆர். பி. பராஞ்சபே 1899-ல் மற்றொருவருடன் சமமாக அந்த ஸ்தானத்தை அடைந்தபோது இந்தியா முழுவதும் பெருமை கொண்டது. ஆனால் அந்த வரிசையில் முந்துவதற்காக மாணாக்கர்கள் தனி உபாத்தியாயர்களிடம் பழக்கப்பட்டுப் பரீக்ஷைத் தந்திரங்களையே கற்றார்கள், கணிதம் பின்னடைந்தது. இவ்வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர்களில் ஒருவர் ஹார்டி என்னும் கணித மேதை. 1909-ல் கடைசி வரிசை வாசிக்கப்பட்டது. அத்துடன் அம்முறை ஒழிந்தது.

அதே ஹார்டிக்குத்தான் 1913-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக் குமாஸ்தா ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. எழுதியவர் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். எப்.ஏ. பரீக்ஷையில் ஒரு முறைக்கு மேல் தவறியவர். கணிதம் நீங்கலாக மற்றப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. இன்றைய விதிப்படி ஆறு ஸெமஸ்டர்களிலும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து நூற்றுக்கு 75 மார்க் வாங்கிக் காட்டினால்தான் ஆராய்ச்சி செய்யலாம் என்று சொல்லியிருந்தால், ராமாநுஜன் வாயிலிலேயே நின்றிருப்பார். எல்லோரும் ராமாநுஜன் அல்லர் என்பது மெய். ஆராய்ச்சிக்கு ஏதேனும் ஒரு தகுதி வேண்டும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் மார்க் ஒன்றையே தகுதியாக்கினால், சுலபமான பாடங்களைத் தேடி எடுத்து மார்க் சேர்க்கும் சாமர்த்தியம் வளரும்; கடினமான பாடத்தில் துணிந்து இறங்கும் ஆண்மை குன்றும். மார்க் சற்றுக் குறைந்தவராயினும், ஓர் ஆசிரியர் இவரால் இயலும் என்று எழுத்து மூலமாக உறுதி கூறுவாராயின், அவரையும் உள்ளே விடுவதற்கு விதியில் இடம் செய்ய வேண்டும்.

எழுபத்தைந்து ரூபாய்

ராமாநுஜன் கதையில் நாம் மறக்கலாகாத அம்சம் ஒன்று உண்டு. துறைமுகக் காரியாலயத்தில் அவருடைய சம்பளம் மாதம் ரூ. 30. 1913-ம் வருஷம் மே மாதத்தில் சென்னை சர்வகலாசாலை, பட்டம் ஒன்றும் பெறாத அவருக்கு மாதம் ரூ. 75 வீதம் இரண்டு வருஷத்திற்கு ஆராய்ச்சி வேதனம் அளிக்க முன்வந்தது. விதியைக் காட்டி மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. கணக்குப் பேரேட்டை மூடிவைத்துக் கணிதத்தைத் திறந்துவைக்க அந்த வேதனமே அவருக்கு உதவிற்று. மறு வருஷம் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். 1916-ல் ஆராய்ச்சிக்காகவே அங்கே பி.ஏ. பட்டம் பெற்றார், 1918-ல் ராயல் ஸொஸைட்டி அங்கத்தினரானார்.

அவகாசம் வேண்டும் என்றோம். அவகாசத்திற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது யார்? தகப்பனார் பணக்காரராயின் தகப்பனார் கொடுக்கிறார். ஏழையாயின் சர்க்காரோ சர்வகலாசாலையோ கொடுக்க வேண்டும். இல்லாவிடில் ஏழையின் பிள்ளை மூன்றாவது வருஷத்தோடு வெளியேறுவான். அப்பொழுது தேசத்தில் இரண்டு ஜாதிப் பட்டதாரிகள் ஏற்படுவார்கள். வசதியுள்ளவன் ஆனர்ஸ், வசதியற்றவன் வெறும் பட்டதாரி. இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சியில் அமர்ந்து படித்தவர்கள். இருவரையும் பிரித்தது அறிவன்று, பணம் என்றால், அப்பட்டத்திற்குச் 'சிறப்பு' என்னும் பெயர் தகுமா? எந்த வருஷத்திலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் அதற்குரிய சான்றிதழ் தருவோம் என்று புதிய முறை கூறுகிறது. விலகும் உரிமை நல்லதே. ஆனால் தங்குவதற்கு வழியில்லாதவனிடம் சென்று விலகலாம் என்று கூறுவது உரிமையாகாது.

பி.எச்.டி. ஆராய்ச்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டு ஜூனியர் ரிஸர்ச் பெலோஷிப் பெறுவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000 என மானியக் குழு நிர்ணயித்தது. அது சரியே. ஆயின் அந்த மாடிக்கு ஏறும் படியான ஆனர்ஸ் வருஷத்தில் ஏழை மாணாக்கருக்குப் பிடிகம்பு எங்கே? தமிழ் நாட்டில், சர்க்கார் பள்ளிகளில் படித்துக் கலாசாலைக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கிற்று. சிறு தொகைதான், எனினும் படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்செழும்போது ஒரு பெண்ணுக்கு அது வலிமை தரும். நாலாவது வருஷத்தை நாட்டில் புகுத்த விரும்புவோர், அதற்குரிய வேதனத்தையும் உடன் கொண்டு வருவார்களாக. திட்டத்தை எதிர்ப்போர் அனைவரும் கல்வியின் பகைவரல்லர். செலவு யார் தலையில் விழும் என்று கேட்பவர்கள் அவர்கள். அதற்கு விடை கூறாமல் கொள்கையின் பெருமையை மாத்திரம் பேசுவது பயனற்றது.

நண்பருக்கு நாம் கூறியது

சில தினங்களுக்குப் பின் நண்பர் தம் குமாரியுடன் வந்தார். நாம் அப்பெண்ணிடம் மூன்று கேள்விகளே கேட்டோம்.

முதற் கேள்வி: "நாலாவது வருஷத்தில் எதைப் பற்றி ஆராய விரும்புகிறாய், அம்மா?" அவள் தயங்கவில்லை. தன் கிராமத்தில் எந்தெந்தக் குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெறுகின்றன, எந்தெந்தக் குடும்பங்கள் அடகுக் கடைக்குப் போகின்றன, ஒரே அளவு நிலமுடைய இருவரில் ஒருவர் சங்கத்திற்கும் மற்றவர் அடகுக் கடைக்கும் போவதன் காரணம் யாது, என்று விசாரித்து எழுத வேண்டுமாம். இதைக் கேட்ட நண்பர் திரும்பித் தம் மகளைப் பார்த்தார். "இதை நீ வீட்டில் சொல்லவே இல்லையே!" என்றார். "நீங்கள் ஆனர்ஸால் என்ன வேலை கிடைக்கும் என்றுதானே அப்பா கேட்டீர்கள்?" என்றாள் அவள்.

இரண்டாவது கேள்வி: "உன்னை வழிநடத்த ஆசிரியர் இருக்கிறாரா?" இருக்கிறார், கிராமக் கடனைப் பற்றி முன்னமே ஆராய்ந்தவர், அவளுடைய குறிப்பைப் படித்து, ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியும் இருக்கிறார்.

மூன்றாவது கேள்வி தகப்பனாருக்கும் சேர்த்து: "செலவுக்கு என்ன வழி?" நண்பர் சற்று மௌனமாக இருந்து, வீட்டிலுள்ள நகையை அடகு வைக்கலாமென்று இருப்பதாகச் சொன்னார். பெண் சிரித்துவிட்டாள். "அப்படியானால் என் கட்டுரையில் நம் வீட்டையும் ஒரு வீடாகச் சேர்க்க வேண்டும், அப்பா" என்றாள். நாமும் சிரித்தோம், ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

நாம் கூறிய யோசனை இதுதான். முதல் இரண்டு கேள்விகளுக்கும் உன்னிடம் விடை இருப்பதால் இந்த ஆனர்ஸ் உனக்குத் தகுந்ததே. கலாசாலையிலும் சர்வகலாசாலையிலும் உள்ள உதவித் தொகைகள் அனைத்திற்கும் உடனே விண்ணப்பம் செய். கிடைத்தால் தங்கு. கிடைக்காவிடில், நகை அடகுக் கடைக்குப் போக வேண்டாம். மூன்று வருஷப் பட்டத்துடன் திரும்பி வந்து, நமது ராஜ்யத்திலேயே இரண்டு வருஷ எம்.ஏ. சேர்ந்துகொள். மொத்தத்தில் வருஷம் ஐந்துதான், செலவு குறைவு, நீ ஆராய விரும்பும் கிராமமும் பக்கத்தில் இருக்கிறது. ஆராய்ச்சி உன்னுடன் வரும். அது டில்லியின் சொத்தன்று.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். நாம் மூன்று வருஷத்தில் பி.ஏ. தேறினோம். அந்த மூன்று வருஷத்தில் ஒரு மூல ஆவணத்தையும் நாம் கண்ணால் கண்டதில்லை. சொந்தமாக ஒரு கேள்வியைக் கேட்டு அதன் விடையைத் தேடி எழுதியதில்லை. உரைநூல்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். சட்டக் கலாசாலையை விட்டு ஒரு மூத்த வக்கீலின் காரியாலயத்தில் சேர்ந்த பின்பே, ஒரு கட்டு தஸ்தாவேஜுகளைப் படித்து அதில் உண்மை எங்கேயிருக்கிறது என்று தேடுவது எப்படி எனக் கற்றோம். இருபது வயதில் கற்றிருக்க வேண்டியதை இருபத்தைந்தில் கற்றோம். ஆனர்ஸ் நமக்கு உத்தியோகம் தந்திராது. அந்த ஐந்து வருஷத்தைத் திருப்பித் தந்திருக்கலாம்.

ஆகவே இவ்வருஷம் இதே தயக்கத்தில் இருக்கும் மாணாக்கர்களுக்கு நாம் கூறுவதாவது: பட்டத்தின் பெயரைக் கண்டு மயங்காதீர்கள், செலவைக் கண்டு மாத்திரம் மருளாதீர்கள். எதை ஆராயப் போகிறோம், யாரிடம் கற்கப் போகிறோம், யார் செலவில் கற்கப் போகிறோம் என்னும் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். முதல் வரியை எழுத முடியாதவருக்கு ஆனர்ஸ் வேண்டாம். அவர் மூன்று வருஷத்தோடு கௌரவமாக வெளியேறி வேறு நல்ல வழியில் செல்லலாம். அதில் இழிவு ஏதுமில்லை. இரண்டாவது வரியை எழுத முடியாதவர் வேறு கலாசாலையை நாடட்டும். முதல் இரண்டு வரிகளையும் எழுதிவிட்டு மூன்றாவது வரியில் பேனா நின்றுபோகும் மாணாக்கர்கள் இந்தத் தேசத்தில் எத்தனையோ பேர். அந்த மூன்றாவது வரியை நிரப்புவது சர்க்காரின் கடமை, சர்வகலாசாலைகளின் கடமை, வசதி படைத்த நமது ஜனங்களின் கடமை. நூறு ஆண்டுகளுக்கு முன், அந்நிய ஆட்சியின் கீழிருந்த ஒரு சர்வகலாசாலை, எப்.ஏ. தேறாத ஒரு குமாஸ்தாவுக்கு எழுபத்தைந்து ரூபாய் கொடுக்கத் துணிந்தது. சுதந்தர தேசத்தின் சர்வகலாசாலைகளுக்கு அந்தத் துணிவு இல்லாமற் போகலாமா?